எப்போது, எது வரைக்கும்: ஆங்கிலத்தில் நேரம் சொல்லும் சின்னச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஒரு கடதாசி வந்தால் நம் லயங்களில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓ.எல். படிக்கிற பிள்ளை எந்தக் காம்பிராவில் இருக்கு என்று தேடுவோம். பிள்ளையும் வாங்கிப் பார்க்கும். டெப்லட், டொக்டர், சைன், மணி, டிக்கெட் என்ற பெரிய சொற்களை எல்லாம் பிடித்துவிடும். "மருந்து குடிக்கச் சொல்லியிருக்கு மாமா", "கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும்.

ஆனால் எப்போது குடிக்க வேண்டும், எது வரைக்கும் குடிக்க வேண்டும், எதைச் செய்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும் என்பதை அந்தப் பெரிய சொற்கள் சொல்வதில்லை. வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், வைல் என்று இடையிலே கிடக்கிற சின்னச் சொற்கள்தான் சொல்கின்றன. இவற்றைத் தாண்டிப் படித்தால் கடதாசி சொல்வது ஒன்று, நமக்கு விளங்குவது வேறொன்று. அதனால் இந்த முறை இந்தச் சின்னச் சொற்களைப் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். பிள்ளைகள் அவற்றை வாசித்து, கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆங்கிலத்துக்கு இணைப்பு மொழி என்ற இடம் கிடைத்தது. ஆகவே அரசாங்கக் கந்தோரில் ஒரு கடதாசி தந்தால் "தமிழில் தாங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருந்துப் பெட்டி, மருந்துக் கேன், ஸ்டோர் மெஷினில் ஒட்டிய தகடு, வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் இவற்றில் பல ஆங்கிலத்தில்தான் நம் கைக்கு வருகின்றன. அவற்றை நாமே படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் தமிழைப் பாருங்கள். "பஸ் வந்ததும் போவேன்", "மழை விடும் வரைக்கும் இரு", "சாப்பிடுறதுக்கு முன்னே கை கழுவு" என்று சொல்கிறோம். ததும், வரைக்கும், முன்னே என்று நேரம் சொல்லும் பகுதி எல்லாம் வினைச்சொல்லின் வாலிலே வந்து ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் இது தலைகீழ். நேரம் சொல்லும் சொல் தனியாக, முன்னுக்கு நிற்கும். "வென் த பஸ் கம்ஸ், ஐ வில் கோ." வென் என்பது நம்முடைய 'ததும்' அல்லது 'போது'. அது தலைக்கு வந்துவிட்டது. ஆகவே ஆங்கில வரியில் வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், வைல் என்று ஒரு சொல்லைக் கண்டால், அதற்குப் பின்னால் வருகிற துண்டு முழுவதும் அந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் அந்தத் துண்டை வளைத்து ஒரு கோடு போடலாம். பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. தமிழில் "வீட்டுக்கு வந்ததும் சோறாக்கினேன்" என்றால் வந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இரண்டு துண்டிலும் ஆள் வேண்டும். "வென் ஐ கேம் ஹோம், ஐ குக்ட் ரைஸ்." இரண்டு ஐ. நம் பிள்ளைகள் முதலாவது ஐயை விட்டுவிட்டு "வென் கேம் ஹோம்" என்று எழுதுவார்கள். அது தமிழில் யோசித்து எழுதுவதால் வருவது. ஆனால் இரண்டு வேலையும் ஒரே ஆள் செய்வதாக இருந்தால் பிஃபோர், ஆஃப்டர் இரண்டோடும் வினையின் வாலில் 'இங்' சேர்த்து, ஆளை விட்டுவிடலாம். "வொஷ் யுவர் ஹேண்ட்ஸ் பிஃபோர் ஈட்டிங்." சாப்பிடுவதற்கு முன் கையைக் கழுவு. பிஃபோர் மீல்ஸ், ஆஃப்டர் மீல்ஸ் என்று வெறும் பெயர்ச்சொல்லோடும் அவை வரும். மருந்துத் துண்டில் அதிகம் காண்பது அதைத்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தமிழில் நேரம் சொல்லும் பகுதியைப் பெரும்பாலும் முதலில் சொல்லிவிடுவோம். "வாசித்த பிறகு கையெழுத்துப் போடு." முதலில் நடப்பது முதலில் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் எழுதலாம். "ஆஃப்டர் யூ ரீட் த ஃபோர்ம், சைன் இட்" என்றும் எழுதலாம், "சைன் த ஃபோர்ம் ஆஃப்டர் யூ ரீட் இட்" என்றும் எழுதலாம். பொருள் ஒன்றுதான். நேரத் துண்டு முதலில் வந்தால் நடுவிலே ஒரு காற்புள்ளி போடுவார்கள், பின்னால் வந்தால் போடுவதில்லை. வேறு வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் கண்ணில் முதலில் படுவது "சைன் த ஃபோர்ம்". அதோடு பேனையை எடுத்துவிடுகிறோம்! எது முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்பது கணக்கில்லை. ஆஃப்டருக்குப் பின்னால் உள்ளதுதான் முதலில் நடக்க வேண்டும். பிஃபோர் என்றால் அதற்குப் பின்னால் உள்ளது பிந்தி நடக்கும். இதை மட்டும் மறக்காமல் இருந்தாலே போதும், பல இடத்தில் தப்பலாம்.

மருந்துக்கு வருவோம். மருந்தோடு வருகிற கடதாசியில் இப்படி ஒரு வரி இருக்கும்: "டூ நொட் ஸ்டொப் த டெப்லட்ஸ் வென் யூ ஃபீல் பெட்டர்." அரைகுறையாகப் பார்க்கிறவருக்கு ஸ்டொப், ஃபீல் பெட்டர் இரண்டும் கண்ணில் படும். "சுகமானா நிறுத்தச் சொல்லியிருக்கு" என்று விளங்கிக்கொள்வார். வரி சொல்வது நேர்மாறு. சுகமாகத் தெரிந்தாலும் நிறுத்தாதே என்கிறது. காசநோய்க்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வைத்தியம் வழக்கமாக ஆறு மாதம். சில கிழமையிலேயே இருமல் குறையும், காய்ச்சல் விடும், உடம்பு தேறின மாதிரி இருக்கும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். அப்போது மருந்தை விட்டால் வருத்தம் திரும்பி வரும். திரும்பி வரும்போது அதே மருந்துக்கு மசியாத கிருமியாகவும் வரலாம். காம்பிராவில் உள்ள மற்றவர்களுக்கும் தொற்றும். அதனால்தான் அடுத்த வரி "டேக் தெம் அன்டில் த டொக்டர் டெல்ஸ் யூ டு ஸ்டொப்" என்று இருக்கும். டொக்டர் நிறுத்தச் சொல்லும் வரைக்கும் குடிக்க வேண்டும். மருந்தை நிறுத்தும் நாளைச் சொல்கிறவர் டொக்டர்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச் சத்துக் குளிசை கொடுக்கிறார்கள். "டூ நொட் ட்ரிங்க் டீ ஃபோர் வன் அவர் ஆஃப்டர் யூ டேக் த டெப்லட்" என்று ஒரு வரி வரலாம். குளிசை போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்குத் தேத்தண்ணீர் குடிக்காதே. குளிசை போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரமும் அப்படித்தான். கொழுந்து பறிக்கிற நம்மிடமே தேத்தண்ணீர் வேண்டாம் என்றால் எப்படி என்று சிரிக்கலாம். ஆனால் தேயிலையில் உள்ள பொருள் இரும்புச் சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் என்பது உண்மை. தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறது. அந்த நேரத்தைச் சொல்வது ஆஃப்டர் என்ற ஒரு சொல்.

கிளினிக் கொப்பியில் "கம் டு த ஹொஸ்பிட்டல் அஸ் சூன் அஸ் த பெயின்ஸ் ஸ்டார்ட்" என்று எழுதியிருந்தால், வலி தொடங்கின உடனேயே வா என்று அர்த்தம். வெறும் வென் என்றால் 'போது'. அஸ் சூன் அஸ் என்றால் 'உடனே'. வலி கூடட்டும், விடியட்டும், லொறி வரட்டும் என்று பார்த்திருக்கும் நேரத்துக்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

அன்டில் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதற்கு நேர்த் தமிழ் 'வரைக்கும்'. ஆனால் நொட் என்ற மறுப்போடு சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். "த ஒஃபிஸ் வில் நொட் பே அன்டில் யூ பிரிங் த பெர்த் செர்டிஃபிகேட்." சொல்லுக்குச் சொல் பார்த்தால், பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வரும் வரைக்கும் கந்தோர் காசு கொடுக்காது. இதை நாம் லயத்தில் எப்படிச் சொல்வோம்? "பெறப்புச் சர்ட்டிபிகட் கொண்டு வந்தாத்தான் காசு குடுப்பாங்க." அவ்வளவுதான்! நொட்டும் அன்டிலும் சேர்ந்து வந்தால் நம்முடைய 'தான்' என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கும் உடனே விளங்கும். பாடப் புத்தகத்தில் இப்படிச் சொல்லித் தருவதில்லை, சொல்லித் தந்தால் நல்லது.

மருந்தடிக்கிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கேனில் "டூ நொட் என்டர் த ஃபீல்ட் அன்டில் த ஸ்ப்ரே ஹேஸ் ட்ரைட்" என்று இருந்தால், அடித்த மருந்து காய்ந்த பிறகுதான் மலைக்குள் போகலாம். நொட், என்டர், ஃபீல்ட் மட்டும் தெரிந்தவர் "மலைக்குப் போகவே கூடாதாம்" என்பார். ஸ்ப்ரே, ட்ரை மட்டும் தெரிந்தவர் வேறு ஏதாவது சொல்வார். இங்கே ஹேஸ் ட்ரைட் என்று ஏன் வருகிறது? காய்ந்துகொண்டிருந்தால் போதாது, காய்ந்து முடிந்திருக்க வேண்டும் என்று காட்டத்தான். சில கேனில் இத்தனை மணித்தியாலம், இத்தனை நாள் என்று கணக்கே போட்டிருக்கும். அப்போது அந்தக் கணக்குத்தான் சட்டம், கண்ணுக்குக் காய்ந்த மாதிரித் தெரிவது இல்லை.

அன்டிலோடு ஒட்டி இன்னொரு குழப்பம் உண்டு. "லொறி வரும் வரைக்கும் வேலை செய்யுங்க" என்பதும் "லொறி வர்றதுக்குள்ளே வேலையை முடிங்க" என்பதும் ஒன்றா? தமிழில் யாரும் குழம்பமாட்டோம். ஆங்கிலத்தில் முதலாவது "வர்க் அன்டில் த லொறி கம்ஸ்". இரண்டாவது "ஃபினிஷ் த வர்க் பை த டைம் த லொறி கம்ஸ்". 'வரைக்கும்' அன்டில், 'அதுக்குள்ளே' பை. கடைசித் திகதி சொல்லும் கடிதத்தில் பெரும்பாலும் பை என்றுதான் இருக்கும். முப்பதாம் திகதி என்று போட்டிருந்தால் அந்தத் திகதிக்குள்ளே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

போது என்பதற்கு ஆங்கிலத்தில் வென், வைல் என்று இரண்டு சொல் இருக்கிறது. வைல் என்றால் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும். ஸ்டோரில் ரோலர் பக்கத்தில் "டூ நொட் க்ளீன் த மெஷின் வைல் இட் இஸ் ரனிங்" என்று ஒரு தகடு இருந்தால், மெஷின் ஓடும்போது துடைக்காதே என்று பொருள். க்ளீன், மெஷின் என்ற இரண்டு சொல்லை மட்டும் வாசித்துவிட்டுத் துணியோடு போகிற பையனின் விரல் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி பிள்ளைகள் பரீட்சையில் அதிகம் இழக்கும் இடம். "நாளைக்குப் பஸ் வந்ததும் போவேன்" என்பதில் 'வந்த' என்பது இறந்த காலம் மாதிரி இருக்கிறது. ஆனால் பஸ் இன்னும் வரவில்லை, நாளைக்குத்தான் வரும். தமிழில் இது குழப்பமே இல்லை. கடைசி வினை போவேன் என்றால் எதிர்காலம், போனேன் என்றால் இறந்தகாலம். 'வந்ததும்' இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. பிள்ளை 'வந்த' என்பதைப் பார்த்து "வென் த பஸ் கேம், ஐ வில் கோ" என்று எழுதிவிடும். தப்பு. கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை, நாளைக்கு நடப்பது தானே என்று "வென் த பஸ் வில் கம், ஐ வில் கோ" என்று எழுதும். அதுவும் தப்பு. நேரத் துண்டுக்குள்ளே வில் வராது. நடக்கப் போகிறதாக இருந்தாலும் அங்கே நிகழ்காலம்தான்: "வென் த பஸ் கம்ஸ், ஐ வில் கோ." நடந்து முடிந்ததென்றால் இரண்டு துண்டும் இறந்தகாலம்: "வென் த பஸ் கேம், ஐ வென்ட்." பிஃபோர், ஆஃப்டர், அன்டில், அஸ் சூன் அஸ் எல்லாவற்றுக்கும் இதே விதி. பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "வில் ஒரு தரம் வந்தாப் போதும், அது மற்றத் துண்டிலே இருக்கு புள்ள."

இஃப் என்ற சொல்லையும் இங்கேயே சேர்த்துப் பார்த்துவிடுவோம். 'வந்தா', 'பெய்தா', 'கிடைச்சா' என்று நாம் பேசும் 'ஆ' இரண்டு வேலை செய்கிறது. "பொழுது விடிஞ்சா பிரட்டு" என்கிறோம். பொழுது விடியுமோ விடியாதோ என்று யாருக்கும் சந்தேகமில்லை. "லொத்தர் விழுந்தா வீடு கட்டுவேன்" என்றால் சந்தேகமே சந்தேகம்! ஆங்கிலத்தில் விடிவதற்கு வென், லொத்தருக்கு இஃப். கட்டாயம் நடக்கும், நாள்தான் பாக்கி என்றால் வென். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் இஃப். ஒருவர் "வென் த மணி கம்ஸ்" என்று எழுதினால் காசு வரும் என்று வைத்து எழுதுகிறார். "இஃப் த மணி கம்ஸ்" என்று எழுதினால் அவருக்கே நிச்சயமில்லை. வாக்குறுதி தருகிற எந்தக் கடிதத்திலும் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிற நம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு மாதிரி வாக்கியம். வீட்டு வேலை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு. அதில் இப்படி வரலாம்: "த எம்ப்ளோயர் வில் பே ஃபோர் த ரிட்டர்ன் டிக்கெட் வென் த வர்க்கர் கம்ப்ளீட்ஸ் டூ இயர்ஸ். இஃப் ஷி லீவ்ஸ் பிஃபோர் ஷி கம்ப்ளீட்ஸ் டூ இயர்ஸ், ஷி வில் பே ஃபோர் இட்." எம்ப்ளோயர், டிக்கெட், பே என்ற சொற்களைப் பார்த்ததும் "டிக்கெட் காசு அவங்க குடுப்பாங்க" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் வென்னை வளைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் முடிந்தால்தான் அவர் கொடுப்பார். அடுத்த வரியில் இஃப், பிஃபோர் இரண்டும் இருக்கின்றன. முடியுமுன்னே வந்துவிட்டால் அவளேதான் கட்ட வேண்டும். முதல் வரியை மட்டும் விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவள் ஊரை விட்டுப் போகும்போது ஒரு கணக்கோடு போவாள், திரும்பி வரும்போது வேறொரு கணக்கைக் காண்பாள். சம்பளம், லீவு, கைபோன் எல்லாவற்றைப் பற்றிய வரியிலும் இப்படி ஒரு அன்டிலோ ஆஃப்டரோ ஒளிந்திருக்கலாம். ஏஜென்ட் விரலை வைத்துக் காட்டுகிற வரியோடு நிற்காமல், அதற்கு அடுத்த வரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்த பிறகுதான் போகலாம் என்பதும் ஒரு ஆஃப்டர்தானே.

சின்ஸ் என்ற சொல் மட்டும் பாக்கி. அதற்கு இரண்டு பொருள். "ஐ ஹேவ் வர்க்ட் ஹியர் சின்ஸ் ஐ வொஸ் எய்ட்டீன்" என்றால் பதினெட்டு வயதிலிருந்து இங்கே வேலை செய்கிறேன். "சின்ஸ் யூ ஆர் சிக், ஸ்டே எட் ஹோம்" என்றால் வருத்தமாக இருக்கிறபடியால் வீட்டில் இரு. முன்னதில் ஹேவ் வந்திருக்கிறது பாருங்கள். 'இருந்து' என்ற பொருளில் சின்ஸ் வந்தால் மற்றத் துண்டில் ஹேவ் அல்லது ஹேஸ் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து எந்தப் பொருள் என்று பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து செய்து பார்க்க நாலு கேள்வி. ஒன்று: "டூ நொட் கிவ் த பேபி ரைஸ் அன்டில் ஷி இஸ் சிக்ஸ் மந்த்ஸ் ஓல்ட்" என்று கிளினிக்கில் எழுதித் தந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஐந்து மாதம், சோறு ஊட்டலாமா? இரண்டு: "த ஒஃபிஸ் வில் க்ளோஸ் பிஃபோர் த லொறி கம்ஸ்." எது முதலில் நடக்கும்? மூன்று: "நாளைக்கு அம்மா வந்ததும் சொல்லுவேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். நாலு: "தீபாவளி வந்தா ஊருக்குப் போவோம்" என்பதற்கு வென்னா, இஃபா?

விடைகள்: ஐந்து மாதப் பிள்ளைக்கு ஊட்டக் கூடாது, ஆறு மாதம் ஆனால்தான் ஊட்டலாம், அது வரைக்கும் தாய்ப்பால் மட்டும். கந்தோர் மூடுவதுதான் முதலில், லொறி பிறகு. மூன்றாவதற்கு "வென் மதர் கம்ஸ் டுமோரோ, ஐ வில் டெல் ஹர்". கம்ஸ் என்ற இடத்தில் கேம் என்றோ வில் கம் என்றோ எழுதியிருந்தால் மேலே பஸ் வந்த இடத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். நாலாவதற்கு வென். தீபாவளி வராமல் போகாது.